நான்கு பத்திரிகைகள், ஒரு சோடிக் கண்

சென்ற மாதம் இளம் செய்தியாளர்களான உங்களுக்காக நடந்த பயிற்சிப் பட்டறையில் எனக்குப் பதினைந்து நிமிடம் தந்திருந்தார்கள். திரையில் தலைப்புப் பெரிதாக இருந்தது: இணைந்த உலகில் உலகக் குடிமக்களாதல். எனக்கு முன் பேசியவர் மொழிபெயர்ப்புச் செயலிகளைப் பற்றியும், ஒரு செய்தி எத்தனை நாடுகளைச் சென்றடைகிறது என்பதைப் பார்க்கும் வழிகளைப் பற்றியும் சொன்னார். என் முறை வந்தபோது பாலையூற்றிலிருந்து வந்திருந்த ஒரு பெண் எழுந்து கேட்டார்.

"மிஸ், நாங்கள் எழுதுறது குளம் பெருகினது, றோட்டு உடைஞ்சது, யானை வந்தது. இதை உலகத்தில ஆர் மிஸ் பாக்கப்போகினம்?"

மண்டபம் சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். பதிலைத் தொடங்கும்போதே நேரம் முடிந்ததென்று மணியடித்தார்கள். அந்தப் பதிலை இங்கே எழுதித் தருகிறேன். அதற்குள் என் தவறு ஒன்று இருக்கிறது. பதினைந்து நிமிடத்தில் அதைச் சொல்லியிருக்க முடியாது.

கொழும்பில் வெளியாகும் தமிழ் நாளிதழ் ஒன்றுக்கு இருபத்தாறு வருடங்கள் திருகோணமலைச் செய்தியாளராக இருந்தேன். எங்கள் மாவட்டம் எவ்வளவு நீளம் என்பது உங்களுக்குத் தெரியும். வடக்கே புல்மோட்டையில் ஒரு சம்பவம் நடந்த அதே காலையில் தெற்கே மூதூரிலும் ஒன்று நடக்கும். இரண்டுக்கும் ஓர் ஆளால் போக முடியாது. ஆகவே வெவ்வேறு பத்திரிகைகளுக்கு எழுதிய நாங்கள் நால்வரும் ஓர் ஏற்பாடு வைத்திருந்தோம். கிட்ட இருப்பவர் போவார். அவர் அனுப்பும் விபரத்தை நான் செம்மையாக்கிச் செய்தியாக எழுதுவேன். நால்வரும் தலைப்பை மாற்றி அவரவர் பெயரில் அனுப்புவோம். இதற்கு நாங்கள் வைத்த பெயர் 'பங்கு'. கரைவலை இழுக்க வருபவருக்கு மீனில் கிடைக்கும் பங்கைப் போல. எந்த ஆசிரியபீடத்துக்கும் இது தெரியாது. எங்களைப் பொறுத்தவரை அது ஏமாற்று அல்ல, பிழைப்பதற்கான வழி.

அந்த ஏற்பாட்டில் முன்பும் பிழைகள் நேர்ந்தன. ஆரம்ப வருடங்களில் ஒருமுறை, படகு கவிழ்ந்து இறந்தவரின் பெயருக்குப் பதிலாகத் தப்பியவரின் பெயரைப் போட்டுவிட்டோம். பத்திரிகை வந்த அன்று மத்தியானம் என் வீட்டுக் கதவடியில் ஒருவர் சைக்கிளைச் சாத்திவிட்டு நின்றார். சல்லிக் கிராமத்தைச் சேர்ந்த மீனவர். மடித்த பத்திரிகை கையில் இருந்தது.

"பிள்ளை, நான் செத்திட்டனாம். எத்தினை மணிக்குப் பிரேதம் தூக்கிறியள்?"

நான் மன்னிப்புக் கேட்டுக் கதிரையை இழுத்துப் போட்டேன். தேத்தண்ணி குடித்தார். "என்ர மனுசிதான் கொஞ்சம் சந்தோசப்பட்டிட்டாள்" என்றார். மறுநாள் திருத்தம் வந்தது. முதல்நாள் செய்தியை வாசித்த அதே ஆட்கள், அதே கடைகளில், அதே பக்கத்தில் திருத்தத்தையும் வாசித்தார்கள். பிழை எவ்வளவு தூரம் போனதோ திருத்தமும் அவ்வளவு தூரம் போனது. அக்காலத்தில் எங்கள் பிழைக்கு ஆளானவர் சைக்கிளில் வந்து சேரக்கூடிய தூரத்தில் இருந்தார்.

நான் ஓய்வு பெறுவதற்கு நான்கு வருடங்களுக்கு முந்தைய மார்கழியில் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

வெளிநாட்டுச் சரக்குக் கப்பல் ஒன்று கொட்டியார் குடாவில் நங்கூரமிட்டிருந்தது. அதன் மாலுமிகள் ஆறு பேரைக் கரைக்கு ஏற்றிவந்த சிறு படகு பின்னேரக் காற்றில் கவிழ்ந்தது. நால்வரைக் கடற்படையினர் மீட்டுத் திருகோணமலை வைத்தியசாலையில் சேர்த்தார்கள். இருவரைக் காணவில்லை. ஒருவர் பிலிப்பைன்ஸைச் சேர்ந்த ஜோயல். மற்றவர் இந்தோனேசியரான ரஹ்மத்.

மறுநாள் காலை கட்டைபறிச்சான் பக்கத்துக் கரையில் ஓர் உடல் ஒதுங்கியது. நஸீர் போனார். நஸீர் மூதூர்ச் செய்தியாளர், எங்கள் நால்வரில் இளையவர். பள்ளிக்கூடத்துக்கு முன்னால் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருந்தார். கடையைப் பூட்டிவிட்டுத்தான் செய்திக்குப் போவார். ஒன்பதரைக்கு எங்கள் கைபேசிக் குழுவில் அவருடைய குறிப்பு வந்தது. கரையில் ஓர் ஆணின் உடல். மிதப்பு அங்கியின் பைக்குள் துறைமுக அனுமதி அட்டை. அட்டையில் உள்ள பெயர் ஜோயல். அட்டையின் படம் தண்ணீரில் ஊறி அழிந்துவிட்டது.

இதை நான் செம்மையாக்கினேன். 'காணாமற்போன மாலுமி ஜோயலின் சடலம் இன்று காலை கரையொதுங்கியது. அவரிடமிருந்த அனுமதி அட்டையைக் கொண்டு சடலம் அடையாளம் காணப்பட்டது.'

நஸீருடைய குறிப்பையும் என் வசனத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள். அட்டையில் ஒரு பெயர் இருக்கிறது என்றுதான் அவர் எழுதியிருந்தார். யார் அடையாளம் கண்டார்கள் என்று என் வசனத்தில் இல்லை. யாருமே காணவில்லை. குறிப்பு மொட்டையாகத் தெரிந்தது, நான் அதற்குத் தலை வைத்தேன். பத்தரைக்குள் மூன்று தமிழ் இணையத்தளங்களிலும் ஓர் ஆங்கில இணையத்தளத்திலும் செய்தி ஏறிவிட்டது.

பதினொன்றரை மணிக்கு எங்கள் பத்திரிகையின் சமூக ஊடகப் பக்கத்துக்கு, என் பெயரைக் குறித்து, ஆங்கிலத்தில் ஒரு தகவல் வந்தது. ஆசிரியபீடம் அதை எனக்கு அனுப்பியது. எழுதியவர் மரிசெல். ஜோயலின் தங்கை.

அழுகையோ வசவோ அதில் இல்லை. வரிசையாக எழுதியிருந்தார். அண்ணனின் பெயரை மொழிபெயர்ப்புச் செயலியின் உதவியோடு தேடியபோது நான்கு செய்திகளைக் கண்டாராம். நால்வருக்கும் எழுதினாராம். முதலாமவர், செய்தி உறுதியானது, மற்றப் பத்திரிகைகளும் வெளியிட்டிருக்கின்றன என்றாராம். இரண்டாமவரும் அதையே சொன்னாராம். மூன்றாமவர் இன்னும் பதில் தரவில்லை. 'நீங்கள் நான்காவது. உங்களில் அவரைப் பார்த்தவர் யார்? என் அண்ணனின் இடதுகைச் சின்னவிரலில் நுனி இல்லை. சிறுவயதில் அரிசி ஆலையில் போனது. அந்த விரலைப் பார்த்தவர் யார்?'

கீழே இன்னும் சில வரிகள். அம்மா காலையிலிருந்து மாதா கோவிலில் இருக்கிறார். அவரிடம் எதுவும் சொல்லவில்லை. ஆனால் உறவினர் செய்தியைப் பார்த்துவிட்டார்கள், பஸ் ஏறிவிட்டார்கள். வந்துசேர இரண்டு மணித்தியாலம் ஆகும். அவர்கள் வாசலில் நின்று அழுவதற்கு முன் அம்மாவிடம் நான் சொல்ல வேண்டும், அல்லது அவர்களைத் தடுக்க வேண்டும். எதைச் செய்வது என்று சொல்லுங்கள்.

அந்த மூன்றாமவர் நஸீர். அவரை அழைத்தேன்.

"நஸீர், அந்த உடலில இடது கையைப் பாத்தனீங்களோ?"

"இல்லக்கா. சீலை போட்டு மூடியிருந்திச்சு. பொலிஸ் கிட்ட விடல்ல. சார்ஜன்ட் அட்டையத்தான் காட்டினவர்."

"முகம்?"

"பாத்து ஆளச் சொல்ற மாதிரி இல்லயாம்." குரலைத் தணித்துச் சொன்னார். "அக்கா, நான் அட்டையில பேர் எண்டுதானே போட்ட நான். நீங்க எழுதினதப் பாத்து, டவுனில விசாரிச்சு உறுதியாக்கிட்டீங்க எண்டு நினைச்ச."

நான் அவரை நம்பி எழுதினேன். அவர் என்னை நம்பிப் பேசாமல் இருந்தார். மற்ற இருவரும் எங்கள் இருவரையும் நம்பினார்கள். கடலுக்கு அப்பால் இருந்த ஒரு பெண் நால்வரும் ஒன்றையே சொல்வதைக் கண்டு நம்பினார். ஆனாலும் ஒரு விரலைப் பற்றிக் கேட்டார்.

மரிசெலுக்கு எழுதினேன்: நாங்கள் யாரும் பார்க்கவில்லை. நான் போகிறேன். அதுவரை அம்மாவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். இந்த வாக்குறுதியைக் கொடுக்க எனக்கு என்ன அதிகாரம் இருந்தது என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். அந்த நேரத்தில் யோசிக்கவில்லை. ஓட்டோவில் ஏறிக் கிண்ணியாப் பாலத்தைக் கடக்கும்போது மழை பிடித்துக்கொண்டது.

மூதூர் வைத்தியசாலை வாசலில் நஸீர் நனைந்தபடி நின்றார். பணியிலிருந்த வைத்தியர் இளம் பெண். நான் யார், என்ன எழுதினேன், ஏன் வந்தேன் என்று மூன்று வசனத்தில் சொன்னேன். என்ன எழுதினேன் என்பதை மறைக்கவில்லை. அவர் கோபப்படவில்லை.

"அடையாளம் காட்ட நாளைக்குத்தான் ஆள் வருமாம். நீங்கள் உள்ளுக்கு வரத் தேவையில்லை. நானே பாத்து வந்து சொல்லுறன்."

"டொக்டர், இண்டைக்கு முழுக்க மற்ற ஆக்கள் சொன்னதைத்தான் எழுதினனான். இதை நான் பாக்கவேணும்."

என்னை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு, கூட வரச் சொன்னார். துணியின் ஓரத்தை மணிக்கட்டு வரைக்கும் மட்டும் ஒதுக்கினார். இடது கை. ஐந்து விரல்கள். சின்னவிரல் நகத்தோடு முழுமையாக இருந்தது. பெருவிரல் நகத்தின் இடுக்கில் செம்மஞ்சள் நிறப் பூச்சு ஒட்டியிருந்தது. கப்பலுக்கு அடிக்கும் பூச்சு. இன்னொரு விரலின் அடியில் மோதிரம் இருந்த வெள்ளைத் தடம்.

வெளியே வந்து மரிசெலுக்கு எழுதினேன்: 'நான் பார்த்தேன். இடதுகையில் ஐந்து விரலும் முழுமையாக உள்ளன. இதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது.' அண்ணன் உயிரோடு இருப்பார் என்று ஒரு சொல் சேர்க்கக் கை உன்னியது. சேர்க்கவில்லை.

பதில் வரச் சில நிமிடம் பிடித்தது. நன்றி சொல்லியிருந்தார். உறவினரை வழியிலேயே இறங்கச் சொல்லிவிட்டதாக எழுதியிருந்தார். அதற்குக் கீழே: 'அப்படியென்றால் அது ரஹ்மத். அவருடைய மனைவி ஸித்தி எங்கள் மாலுமிக் குடும்பங்களின் குழுவில் இருக்கிறாள். காலையிலிருந்து எனக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பவள் அவள்தான். என் அண்ணனுக்காகத் தொழுததாகச் சற்றுமுன் எழுதினாள்.'

நஸீர் என் தோளுக்கு மேலால் அதை வாசித்தார்.

"அக்கா, காணாமப் போனது ரெண்டு பேர்தானே. ஒராள் இல்லெண்டு சொன்னா மற்ற ஆளச் சொன்ன மாதிரித்தானே?"

அதுவரை எனக்கு அது உறைக்கவேயில்லை. ஒரு பிழையைத் திருத்தும் அவசரத்தில், ஒரு மனைவிக்குத் தெரியவேண்டியதை அவளுக்கு முன் இன்னொருவருக்குச் சொல்லிவிட்டேன். 'இறந்தவர் ஜோயல் அல்ல' என்று இப்போது திருத்தம் போட்டால், ஸித்தி தன் கணவனின் மரணத்தை எங்கள் திருத்தத்தில் வாசிப்பாள்.

"ஸித்தி" என்று நஸீர் தனக்குள் சொல்லிப் பார்த்தார். "எங்கட ராத்தாட பேரும் அதுதான்." தன் அக்காவைச் சொன்னார்.

நீங்கள் இந்தத் தொழிலில் பல முடிவுகளை எடுக்க வேண்டியிருக்கும். அன்றைக்கு வைத்தியசாலைச் சுவரோரம் நின்று எடுத்தவற்றில் எது சரியென்று இன்றும் எனக்குத் தீர்மானமில்லை. செய்ததைச் சொல்கிறேன்.

முதலில், குழுவில் எதையும் சொல்லவேண்டாமென்று மரிசெலைக் கேட்டேன். ஸித்திக்குச் சொல்லவேண்டியவர் அவளை அறிந்த ஒருவர், அவள் மொழியில் சொல்லவேண்டும் என்றேன். மரிசெல் கேட்டார்: 'அவள் எனக்காக அழும்போது நான் என்ன எழுதுவது?' எதுவும் எழுதவேண்டாம், ஒரு மணித்தியாலம் கைபேசியைப் பார்க்காமல் இருங்கள் என்றேன். எளிதாகச் சொல்லிவிட்டேன். அவர் அதைச் செய்தார்.

அடுத்து, வைத்தியரிடம் திரும்பப் போனேன். மீட்கப்பட்டவர்களில் கப்பலின் இரண்டாம் அதிகாரி இந்தோனேசியர் என்பது முதல்நாள் செய்தியிலேயே இருந்தது. அவரை நாளைக்கு அல்ல, இன்றைக்கே அழைத்துவர முடியுமா என்று கேட்டேன். வைத்தியர் திருகோணமலை வைத்தியசாலைக்கும் பொலிஸுக்கும் தானே பேசினார். அவர் நடக்கக்கூடிய நிலையில் இருந்தார். மூன்றரைக்குக் கூட்டிவருவதாகச் சொன்னார்கள்.

பிறகு பெயரை எடுப்பிக்க வேண்டும். கொழும்பு ஆசிரியபீடத்தில் இணையத்தளத்தைப் பார்த்தவர் கெட்டிக்கார இளைஞர்.

"அக்கா, நாலு இடத்தில ஒரே பெயர் வந்திருக்கு. நீங்கள் மட்டும் ஏன் பின்வாங்குறீங்கள்?"

"தம்பி, அந்த நாலையும் நான்தான் எழுதினனான்."

"என்ன அக்கா, பகிடியா?"

"பகிடியெண்டா மூதூர் ஆஸ்பத்திரி வாசலில இப்பிடி நனைஞ்சுகொண்டு நிக்கமாட்டன்."

'பங்கு' பற்றி முழுவதையும் அவரிடம் சொன்னேன். சொல்லாமல் நால்வரின் பெயரில் வந்ததும் ஒரே ஆளின் குறிப்புத்தான் என்பதை விளங்கவைக்க வழியில்லை. சொன்னால் மற்ற மூவரின் பிழைப்பிலும் கைவைக்கிறேன் என்பதும் தெரிந்தது. நஸீர் பக்கத்தில் நின்றார். நான் அவர் முகத்தைப் பார்த்தபோது, "சொல்லுங்க" என்று தலையாட்டினார்.

திருத்தத்தை நானே சொல்ல அந்த இளைஞர் எழுதினார்: 'காலையில் வெளியான எமது செய்தியில் இறந்தவரின் பெயர் குறிப்பிடப்பட்டிருந்தது. எமது செய்தியாளர் அந்தப் பெயரை உறுதிசெய்திருக்கவில்லை. உடல் இதுவரை அடையாளம் காணப்படவில்லை. மாலுமிகளின் குடும்பங்களிடம் மன்னிப்புக் கோருகிறோம்.' ஒவ்வொரு சொல்லும் அந்த நேரத்தில் உண்மை. எந்தக் குடும்பத்தையும் அது சுட்டவில்லை.

நஸீர் தன் பத்திரிகையிலும் பெயரை எடுப்பித்தார். நகரிலிருந்த மற்ற இருவரில் ஒருவர் செய்தியை உடனே எடுத்துவிட்டார். ஆங்கிலத் தளத்துக்கு எழுதியவர் மசியவில்லை. "நீங்கள் சொல்லித்தான் போட்டனான். இப்ப நீங்கள் சொல்லித்தான் எடுக்கோணுமோ? நான் என்ன உங்கட வீட்டுச் சுவிச்சோ?" அவர் மனம் இறங்க நாற்பது நிமிடம் சென்றது. அதற்குள் எங்கெங்கோ இருந்த தளங்கள் அதைப் பிரதியெடுத்துவிட்டன. இன்றைக்கும் ஜோயலின் முழுப்பெயரைத் தேடினால் அவற்றில் ஒன்று வரும். எழுதியவர் யார், எந்த நாட்டில் என்று தெரியாத பக்கங்கள். அவற்றுக்கு நான் எழுதிய கடிதங்களுக்குப் பதிலில்லை.

மூன்றரைக்கு இரண்டாம் அதிகாரி வந்தார். நெற்றியில் கட்டு, வைத்தியசாலை உடுப்பு, கடன்வாங்கிய செருப்பு. உள்ளே போய் இரண்டு நிமிடத்தில் திரும்பினார். ரஹ்மத்தான். அங்கிகள் படகின் ஓரத்தில் ஒன்றாகக் கிடந்தன, அலை தூக்கியபோது கைக்கு எட்டியதை எட்டியவர் போட்டுக்கொண்டார்கள் என்று வைத்தியரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். ஜோயலை அங்கியோடு கண்டாரா, அங்கியில்லாமல் கண்டாரா என்று வைத்தியர் கேட்டார். தெரியாது என்றார்.

இதை நான் ஆசிரியபீடத்துக்குச் சொன்னபோது அந்த இளைஞரின் குரல் மாறியது.

"அக்கா, அப்ப ஜோயல் தன்ர அங்கியைக் கழட்டி ரஹ்மத்துக்குக் குடுத்திருக்கலாமே? பிலிப்பைன்ஸ்காரர், இந்தோனேசியர், ஒரு கிறிஸ்தவர், ஒரு முஸ்லிம். உலகம் முழுக்க ஓடும் அக்கா."

"குடுத்திருக்கலாம். எடுத்தும் இருக்கலாம். ஆரும் காணேல்ல."

"'கொடுத்ததாக நம்பப்படுகிறது' எண்டு போடுவமே?"

"ஆர் நம்பினது தம்பி? நீங்களும் நானுமோ?"

அவர் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு வற்புறுத்தவில்லை. மரிசெல் அன்றிரவே என்னிடம் அதைக் கேட்டார் என்பதை அவர் அறியமாட்டார். அண்ணன் கொடுத்தாரா? ஓம் என்று சொல்ல எனக்கு மிகவும் ஆசையாக இருந்தது. யாருக்கும் தெரியாது என்றே எழுதினேன்.

இரண்டாம் அதிகாரி தாழ்வாரத்தின் கடைசிக்குப் போய் நஸீரின் கைபேசியில் ஸித்தியை அழைத்தார். நாங்கள் மற்றப் பக்கத்துக்கு விலகி நின்றோம். அவர்களுடைய மொழி எங்களுக்கு விளங்காது. ஆனால் அவர் ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னது கேட்டது. சபர், சபர்.

நஸீர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "அது எங்கட சொல்லுத்தான் அக்கா. பொறுமையா இரு எண்டு சொல்றார்."

மரிசெலின் அண்ணன் கிடைக்கவில்லை. எட்டாம் நாள் தேடுதலை நிறுத்தினார்கள். தாய் இன்னும் அவருக்கு ஒரு தட்டு வைக்கிறார் என்று மரிசெல் எழுதினார். விரலைப் பற்றி என்னிடம் கேட்காமலே இருந்திருக்கலாமோ என்றும் ஒருமுறை எழுதினார். தெரியவில்லை என்றே சொன்னேன்.

'பங்கு' அத்தோடு முடிந்தது. ஆங்கிலத் தளத்துக்கு எழுதியவர் தன் வேலையை இழந்தார், என்னோடு கதைப்பதையும் விட்டார். அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. எனக்குக் கிடைத்தது ஒரு எச்சரிக்கைக் கடிதம் மட்டும். மூதூர்ச் செய்தியை நஸீர் தன் பத்திரிகைக்கு மட்டும் எழுதினார். நாங்கள் அதை மறுநாள் மற்றவர்களைப் போல வாசித்தோம்.

ரஹ்மத்தின் உடலை ஊருக்கு அனுப்பப் பல நாள் ஆகும் என்றார்கள். ஸித்தி காத்திருக்க விரும்பவில்லை. அங்கேயே அடக்கிவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். மூதூர்ப் பள்ளிவாசலில் குளிப்பாட்டி, வெள்ளைத் துணியில் கபனிட்டார்கள். பெயரைக்கூடக் கேட்டிராத மனிதருக்காக மத்தியான லுஹர் தொழுகைக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் நின்று ஜனாஸாத் தொழுதார்கள். ஸித்தி கேட்டுக்கொண்டபடி, நஸீர் கைபேசியைத் தலைக்கு மேலே பிடித்து எல்லாவற்றையும் அவருக்குக் காட்டிக்கொண்டு போனார். நான் மையவாடிக்கு வெளியே வீதியில் குடையோடு நின்றேன். உடலைக் குழிக்குள் இறக்கும் நேரத்தில் தொடர்பு அறுந்தது. திரும்பக் கிடைத்தபோது மண் மூடியாகிவிட்டது.

ஒரு வாரத்துக்குப் பிறகு ஸித்தியிடமிருந்து எனக்குத் தகவல் வந்தது. அவர் தன் மொழியில் எழுதியதைக் கைபேசி தமிழாக்கித் தந்தது. அந்தச் சில நிமிடங்களில் என்ன நடந்தது என்று எழுதி அனுப்ப முடியுமா? தெரிந்ததை எல்லாம். கணவரின் கையை நான் பார்த்தேன் என்று மரிசெல் சொன்னாராம். அதையும்.

நஸீரின் கடைக்குப் போனேன். அவர் கதவைப் பாதி சாத்திவிட்டு, கண்ணை மூடி ஒவ்வொன்றாகச் சொன்னார். மழை விட்டிருந்தது. குழிக்குள் மூன்று பேர் இறங்கினார்கள். தலைப் பக்கம் நின்றவருக்கு வயது கூட, அவருக்கு இறங்கக் கை கொடுத்தார்கள். வலப்பக்கமாகச் சரித்து, மக்காத் திசையான கிப்லாவைப் பார்க்க வைத்தார்கள். கன்னத்தின் கீழ் ஈரமில்லாத மண்ணைத் தேடி வைத்தார்கள். நிச்சயமில்லாத இடத்தில், "அது நான் காணல்ல, விடுங்க" என்றார். விட்டேன். நக இடுக்கில் இருந்த செம்மஞ்சள் பூச்சையும் மோதிரத் தடத்தையும் என் பங்குக்குச் சேர்த்தேன். ஒரு பக்கம் வந்தது. என் வாழ்நாளில் ஒரே ஒரு வாசகருக்காக எழுதிய செய்தி அது.

மறுநாள் பதில் வந்தது. குழிக்குள் இறங்கிய அந்த மூவரின் பெயரும் வேண்டும் என்று கேட்டிருந்தார்.

நஸீரும் நானும் அவர்களைத் தேடிப் போனோம். ஒருவர் மேசன், ஒருவர் அரபுப் பாடம் சொல்லிக் கொடுப்பவர். இருவரும் உடனே பெயரைச் சொன்னார்கள். வயதானவர் சந்தையில் மீன் விற்பவர். கத்தியைப் பலகையில் வைத்துவிட்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"என்ட பேரு அந்தப் புள்ளைக்கு என்னத்துக்கு?"

"அல்லாஹ்கிட்டத் துஆக் கேக்கிற நேரம் உங்கட பேரச் சொல்ல வேணுமாம், காக்கா" என்றார் நஸீர்.

அவர் வாளித் தண்ணீரில் கையைக் கழுவி, சாரனில் துடைத்தார். பிறகு தன் பெயரைச் சொன்னார். நான் எழுதி முடித்ததும், "பொறுங்க" என்று நிறுத்தி, மௌத்தாகி மறைந்துபோன தன் வாப்பாவின் பெயரையும் உம்மாவின் பெயரையும் சேர்த்துச் சொன்னார்.